பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் ஒரு பொய்

அத்தியாயம் 6

ஏரியில் மூழ்கிச் செத்துப்போனதாகச் சொல்லப்படும் கல்யாணசுந்தரத்தின் முதுகுப்பை, அவன் வீட்டுக் கம்பளத்தின் மேல் வாயைத் திறந்து கிடந்தது. அதிலிருந்த சாமான்களை அவன் மனைவி சிவகாமி ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். சட்டைகள், கம்பளிக் குல்லா, சவரப் பெட்டி, விபூதிப் பை, சின்ன மண்ணெண்ணெய் அடுப்பு, கேமரா, கைக்கடிகாரம். கடைசியாக ஒரு தீப்பெட்டி. அதற்குள் பஞ்சில் சுற்றிய கல்யாண மோதிரம்.

"ஏரிக்குள்ள விழுகிற மனுசன் மோதிரத்தைக் கழட்டிப் பஞ்சு சுத்தி வச்சிட்டோ விழுந்தவர்?" என்று தேவசகாயம் நாகலட்சுமியின் காதருகில் கேட்டான்.

நாகலட்சுமி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு "வாயை மூடு, ஆனால் கேட்டது சரியான கேள்வி" என்று அர்த்தம். மூன்று வருடமாக அவளிடம் வேலை பார்ப்பவனுக்கு இதுகூடவா தெரியாது?

மதராஸில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புளுகு மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டிப் பெயர் வாங்கியவள் நாகலட்சுமி. டொராண்டோவுக்கு வந்த பிறகு டான்ஃபோர்த் சாலையில் ஒரு சலவைக் கடைக்கு மேலே அறை பிடித்து, தனியார் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரனான தேவசகாயம் அந்த நிலையத்தின் டிரைவர், போட்டோகிராபர், உதவியாளர். சம்பளம் வாங்குவது ஒரே ஓர் ஆள்தான். வாய் மட்டும் மூன்று ஆளுக்கு இருந்தது.

டொராண்டோவில் அந்தப் பெரிய கோபுரத்தைக் கட்டி முடித்து, இன்னும் ஜனங்களுக்குத் திறந்துவிடாத குளிர்காலம் அது. மோர்னிங்சைட் பக்கத்து அடுக்குமாடியில் சிவகாமியின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிவகாமிக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. திருநெல்வேலிப் பக்கம். ஓர் இடத்தில் உட்காரமாட்டாமல் நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, ஊர்ல எங்க மாமனார் தை அமாவாசைக்குக் காரியம் வச்சிருக்காங்க. இருந்தது ஒரே பிள்ளை. அவங்ககூடப் போன சிநேகிதர் வரதன் வந்து சொன்னதை நான் அப்படியே போன்ல சொன்னேன், மாமாவும் நம்பிட்டாங்க. தூதரகத்துல கேட்டா, உடம்பு கிடைக்காம ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு கையை விரிச்சுட்டாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் புருஷன் இருக்கிறவளா, இல்லாதவளா?"

நாகலட்சுமி குனிந்து சாமான்களைப் பார்த்தாள். ஒன்றையும் தொடவில்லை.

"இதுல எது இருக்குன்னு பார்த்தாச்சு. எது இல்லைன்னு சொல்லும்மா."

சிவகாமி யோசித்தாள். "எல்லாம் வந்துட்டு அக்கா. கேமராகூட இருக்கு." பிறகு புருவத்தைச் சுருக்கினாள். "குக்கர். அது வரலை."

"குக்கரா?"

"சின்னக் குக்கர், மூணு லிட்டர். எங்கம்மா சீரா வாங்கிக் குடுத்தது. அதையும் பைக்குள்ள திணிச்சுட்டுப் போனாங்க. தினம் சோறும் பருப்பும் இல்லாம அவங்களால இருக்க முடியாது. 'என்னை விட்டுட்டுப் போறீங்க, குக்கரைத் தூக்கிட்டுப் போறீங்களே'ன்னு நான் சிரிச்சேன்." சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணசுந்தரமும் வரதனும் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். போன இலையுதிர் காலத்தில் இருவரும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தென் அமெரிக்காவைப் பஸ்ஸிலேயே சுற்றிவரக் கிளம்பினார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்பு வரதன் மட்டும் இரண்டு பைகளுடன் திரும்பி வந்தான்.

* * *

செயின்ட் ஜேம்ஸ் டவுனில் வரதனின் வீடு பதினான்காவது மாடியில் இருந்தது. மெலிந்த, கண்ணாடி போட்ட பிரம்மச்சாரி. கதவைத் திறந்ததும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "சிவகாமி அனுப்பினாங்களா? எத்தனை தடவை சொன்னாலும் நடந்தது நடந்ததுதான்" என்றான்.

"இன்னொரு தடவை சொல்லுங்களேன். கேட்டுட்டுப் போயிடறோம்" என்றாள் நாகலட்சுமி, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தவள்போல.

வரதன் சொன்னான். நன்றாகவே சொன்னான்.

"பெருவுல பூனோன்னு ஒரு ஊர். அங்கேருந்து எல்லைக்குப் பஸ். பஸ் மேலே ஆடு, கோழி, உருளைக்கிழங்கு மூட்டை, எங்க பை எல்லாம் ஒரே குவியல். உள்ளே குட்டித் தொப்பி வச்ச பொம்பளைங்க, முதுகுல குழந்தை. ரோடு பூரா டிட்டிகாக்கா ஏரியை ஒட்டியே போகும். எல்லை வந்ததும் எல்லாரையும் இறக்கி விட்டுடுவாங்க. இந்தப் பக்கம் ஒரு முத்திரை குத்திக்கணும். அப்புறம் ஆத்துப் பாலத்தை நடந்தே தாண்டணும். அந்தப் பக்கம் பொலிவியா, அங்கே ஒரு முத்திரை. பஸ் வெறும் வண்டியா பின்னாடி வரும். நாங்க போனப்போ அந்தப் பக்கத்து ஆபீசர் சாப்பிடப் போயிட்டார். கயிறு கட்டி வழியை அடைச்சுட்டு எல்லாரும் மூட்டை மேலே உக்காந்திருந்தோம்."

"உயரம் எவ்வளவு இருக்கும்?"

"பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே. எனக்குத் தலை வெடிச்சுடும் போல இருந்துது, நாலு படி ஏறினா மூச்சு வாங்கும். கல்யாணம், அதான் கல்யாணசுந்தரம், அவனுக்கு ஒண்ணும் ஆகலை. எல்லை தாண்டி ஏரிக்கரையில ஒரு சத்திரத்துல தங்கினோம். மறுநாள் காலையில கோரைப் படகுல ஏறி மீன்காரங்களோட போனான். திடீர்னு காத்து. நான் கரையிலிருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "மீன்காரங்க நீந்தி வந்துட்டாங்க. அவன் வரலை."

"மோதிரம், வாட்ச்?"

"தண்ணியில போறதுன்னு முன்னாடியே கழட்டி என்கிட்ட குடுத்திருந்தான்."

தேவசகாயத்துக்கு நெருடியது. கேள்வி முழுசாக வருமுன் பதில் வந்துவிட்டது. பரீட்சைக்குத் தயாராகி வந்த பையன் எதிர்பார்த்த கேள்வியைக் கண்டதும் எழுதுவதுபோல மடமடவென்று வந்தது. பயல் இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறான் என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

"குடிக்கத் தண்ணி இருக்கோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து சமையலறைக்குள் போனான். அடுப்பின் மேல் ஒரு கெட்டில் இருந்தது. அதைத் தவிர வீட்டில் சமையல் பாத்திரம் என்று ஒன்றுமே கிடையாது. ரொட்டி, வெண்ணெய், பீன்ஸ் டின்கள். அடுப்பு, வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே பளபளத்தது. ஆனால் மூடியிருந்த மேல் அலமாரியின் பக்கத்தில் போனதும் மூக்கு விழித்துக்கொண்டது. பெருங்காயம்! கெட்டில் தண்ணீரில் பெருங்காயம் போட்டுக் குடிக்கிற மனுஷனா இவன்?

அவன் தம்ளரோடு திரும்பி வந்தபோது நாகலட்சுமி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள்.

"அங்கெல்லாம் சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டிருப்பீங்களே?"

வரதனின் முகம் முதல்முறையாகத் தளர்ந்தது. "கல்யாணம் இருக்கறப்போ என்ன கஷ்டம்? எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அவன்தான் சமையல். எல்லை தாண்டின அன்னிக்கு ராத்திரி அந்தக் குளிர்ல சுடச்சுடச் சாம்பார் வச்சான் பாருங்க! அந்த உயரத்துல சாதாரணப் பாத்திரத்துல நாள் பூரா கொதிச்சாலும் பருப்பு வேகாது. குக்கர் இருந்துது, பிழைச்சோம்."

"ஊட்டியிலேயே வேகாதே! ஒரு கேஸுக்காக அங்கே போய் ஒரு மாசம் கல்லு மாதிரி பருப்பைத் தின்னிருக்கேன்." நாகலட்சுமி சிரித்தாள். "அந்தக் குக்கர் இப்போ எங்கே?"

வரதனின் கண் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. இந்தக் கேள்விக்கு அவன் படித்து வைத்திருக்கவில்லை.

"அது... திருட்டுப் போயிடுச்சு. பஸ் மேலேருந்து."

"எந்தப் பஸ்?"

"பூனோவிலேருந்து எல்லைக்கு வந்த பஸ். இறங்கிப் பார்த்தா காணோம்."

தேவசகாயம் வாயைத் திறந்தான். மேஜைக்குக் கீழே நாகலட்சுமியின் பூட்ஸ் அவன் கால் விரல்களின் மேல் ஏறி நின்றது. திறந்த வாயைத் தண்ணீர் ஊற்றி மூடிக்கொண்டான்.

"பாவம், பொண்டாட்டி வீட்டுச் சீர்" என்று மட்டும் சொல்லிவிட்டு நாகலட்சுமி எழுந்தாள்.

* * *

லிப்டில் இறங்கும்போதே தேவசகாயம் வெடித்தான்.

"அக்கா, எல்லைக்கு வரமுதலே களவு போன குக்கரில, எல்லை தாண்டின பிறகு சாம்பார் வச்சிருக்கினம்! உலகத்தில உந்த வித்தையை வேற ஆரும் செய்யேல்லை."

"அதான் உன் காலை மிதிச்சேன். பொய் சொல்றவனை உடனே பிடிச்சா, அடுத்த பொய்யை ஒழுங்காச் சொல்வான்."

"உவன்தான் கொலை செய்தவன். எனக்குச் சந்தேகமே இல்லை. ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டை. குக்கரைத் தூக்கி மண்டையில ஒரு போடு. அதுதான் மோதிரம் வந்திருக்குது, அடுப்பு வந்திருக்குது, குக்கர் மட்டும் வரேல்லை. அது கொலை ஆயுதம் அக்கா! ஏரிக்குள்ள கிடக்குது!"

நாகலட்சுமி மறுக்கவில்லை. அவள் முகமும் இறுகித்தான் இருந்தது. "இருக்கலாம்" என்றாள். "அந்தப் பையன் எதையோ மறைக்கிறான். குக்கர்னு கேட்டதும் அவன் கண்ணு ஜன்னலுக்கு ஓடினதைப் பார்த்தேன். நீ உள்ளே போய் என்ன பார்த்தே?"

தேவசகாயம் பெருங்காயத்தைச் சொன்னான்.

நாகலட்சுமி காரின் கதவைப் பிடித்தபடி பனியில் அப்படியே நின்றுவிட்டாள். "வெந்நீர் வைக்கத் தெரியாதவன் வீட்டில பெருங்காயமா? இந்த ஊர்ல பெருங்காயம் எங்கே விக்கறாங்க?"

"ஜெரார்ட் தெருவை விட்டா வேற எங்க?"

"அப்போ அங்கே விடு."

பழைய டாட்சன் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

ஜெரார்ட் தெருவில் அப்போது நம் ஊர்ச் சாமான் விற்கிற கடைகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. முதல் கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். அடுத்த கடைக்காரர் குஜராத்தி, பெயர் ஜஸ்வந்த் பாய். நாகலட்சுமி சுற்றி வளைக்கவில்லை. மெலிசாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சமையல் தெரியாத ஒரு மதராஸிப் பையன் இங்கே வந்தானா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

ஜஸ்வந்த் பாய் தலையில் அடித்துக்கொண்டார். வந்தானா? ஆளைக் கொன்றுவிட்டான்! துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்று தெரியாமல் மூட்டை மூட்டையாக முகர்ந்து பார்த்தான். புளி வாங்கினான், பெருங்காயம் வாங்கினான். பெருங்காய டப்பாவின் மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்துத் தரச் சொன்னான். அதோடு விட்டானா? குக்கர் மூடிக்குப் போடுகிற ரப்பர் வளையம் ஒன்று வாங்கிக்கொண்டு போனான். நேற்று ஓடி வந்து, உறையில் ஐந்து லிட்டர் என்று போட்டிருக்கிறது, இது பெரிசு, மூன்று லிட்டர் குக்கருக்கு உள்ளது வேண்டும் என்று மாற்றிக்கொண்டு போனான்.

"மூணு லிட்டருக்கா?" என்றாள் நாகலட்சுமி.

"மூணு லிட்டருக்குத்தான். குக்கரைக் கொண்டு வா, போட்டுப் பார்த்துத் தருகிறேன் என்றேன். குக்கர் என்னிடம் இல்லை என்றான். குக்கர் இல்லாதவனுக்கு வளையம் எதற்கு அம்மா?"

கடையை விட்டு வெளியே வந்ததும் தேவசகாயம் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான். "மண்டையில அடிச்ச அடியில வளையம் பிஞ்சிருக்குமோ? தடயத்தைச் சரிக்கட்டப் பாக்கிறானோ?"

"ஏரிக்குள்ள கிடக்கிற குக்கருக்கு வளையம் மாத்தி என்னடா பண்ணுவான்?"

"அதுவும் சரிதான்." அவன் குரல் இறங்கிவிட்டது. இவ்வளவு நேரம் கட்டி வைத்த கொலைக் கேஸ் கண்ணெதிரே ஆட்டம் கண்டதில் அவனுக்கு உள்ளூர வருத்தம்தான்.

"மூடிக்கு மெழுகு வச்சு அடைச்சிருக்கான். தபால்ல போறப்போ வழியில மணக்கக் கூடாதுன்னு பார்க்கறான். அப்படியும் உன் மூக்குக்குத் தெரிஞ்சுடுச்சு. சரியான வளையம் நேத்துத்தான் கைக்கு வந்திருக்கு." நாகலட்சுமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "போஸ்ட் ஆபீஸ் மூடறதுக்குள்ளே அவன் கிளம்புவான். திருப்பு வண்டியை!"

* * *

அவர்கள் அந்த அடுக்குமாடியின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையவும், லிப்ட் திறந்து வரதன் வெளியே வரவும் சரியாக இருந்தது. கழுத்துவரை மப்ளர். கக்கத்தில் பழுப்புக் காகிதம் சுற்றிய பார்சல்.

"நான் பிடிக்கட்டுமா தம்பி?" என்றாள் நாகலட்சுமி. "பெருங்காய டப்பா நசுங்கிடப் போகுது."

வரதன் திரும்பி லிப்டுக்குள் நுழையப் பார்த்தான். தேவசகாயம் ஏற்கனவே அங்கே நின்றுகொண்டிருந்தான். "அண்ணை, அவசரப்படாதேங்கோ. கதவு மூடி நசுங்கினால் பருப்புத்தான் வீண்."

போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வரதனே அவர்களை அடித்தளத்துச் சலவை அறைக்கு அழைத்துப்போனான். அங்கே யாரும் இல்லை. ஓர் இயந்திரம் மட்டும் யாருடைய துணியையோ போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தது. தேவசகாயம் கதவில் சாய்ந்து நின்றான். கொலைகாரன் கத்தியை எடுத்தால் என்ன செய்வது என்று மனசின் ஒரு மூலையில் யோசனை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உன்னைக் கொலைகாரன்னுதான் நினைச்சேன்" என்று தொடங்கினாள் நாகலட்சுமி. "இவன் இப்பவும் அப்படித்தான் நினைக்கிறான். ஆனா அந்தப் பையைப் பார்த்ததிலேருந்து எனக்கு ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருந்துது. செத்துப்போனவனோட சாமான் எல்லாம் திரும்பி வரும். வாட்ச் வந்துடுச்சு, மோதிரம் வந்துடுச்சு, விபூதிப் பைகூட வந்துடுச்சு. செத்துட்டான்னு நம்ப வைக்க எதையெல்லாம் குடுக்கணுமோ அதையெல்லாம் யோசிச்சுக் குடுத்தனுப்பியிருக்கான். ஒண்ணை மட்டும் அவனால குடுக்க முடியலை. பருப்பு வேகாத ஊர்ல தினமும் பருப்புச் சோறு தின்னாகணும்னு இருக்கிறவன், மோதிரத்தைக் கழட்டிடுவான். குக்கரைக் கழட்ட மாட்டான்."

வரதன் துணி மடிக்கிற மேஜையின் மேல் பார்சலை வைத்தான்.

"அந்த ஊர்லயும் குக்கர் விக்கும். ஆனா நம்ம ஊர்க் குக்கருக்கு அங்கே வளையம் கிடைக்காது. பழைய வளையம் போயிடுச்சு, ஆவி நிக்கலை, பருப்பு வேகலை. இல்லையா? உனக்குப் போன் பண்ணியிருப்பான். சொல்லு, கல்யாணசுந்தரம் எங்கே?"

இயந்திரம் ஓடி நின்றது.

"லா பாஸுக்குப் போற வழியில" என்றான் வரதன் மெதுவாக. "பஸ் நின்னு போற ஒரு ஊர்ல. அங்கே சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிற ஒரு பொண்ணோட."

தேவசகாயம் கதவிலிருந்து நிமிர்ந்தான். "உயிரோடயோ இருக்கிறார்?"

"உயிரோடதான். கனடாவை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே வேலையை விட்டுட்டான். வீட்டில சொல்லலை. எல்லை தாண்டினதும் பஸ் அந்த ஊர்ல ரிப்பேராயிடுச்சு. ரெண்டு நாள் அவ கடையிலேயே தங்கினோம். மூணாம் நாள் நான் பஸ்ல ஏறினேன், அவன் ஏறலை. 'ஓடிப்போயிட்டேன்னு சொன்னா எங்கப்பா ஊருக்குள்ளே தலை நிமிர முடியாது. செத்துட்டேன்னு சொன்னா அழுதுட்டு விட்டுடுவாங்க. நீதான் சொல்லணும்'னு கையைப் பிடிச்சுக்கிட்டான்."

"நீயும் தலையை ஆட்டிட்டே!"

"அந்தப் பாலத்துல நான் மயங்கி விழுந்துட்டேன் மேடம். உயரம் ஒத்துக்கலை. ரெண்டு பையையும் கழுத்துல மாட்டிக்கிட்டு என்னை முதுகுல தூக்கிட்டு அவன்தான் எல்லையைத் தாண்டினான். அவன் இல்லைன்னா செத்திருக்கிறது நான்தான். எப்படி முடியாதுன்னு சொல்றது?"

கொலைகாரன் என்று நினைத்தவன் சின்னப் பிள்ளைபோல மூக்கை உறிஞ்சினான். தேவசகாயத்துக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

"அவன் உன்னைத் தூக்கிட்டு வந்தான். அதுக்குச் சிவகாமி வாழ்நாள் பூரா விதவையா இருக்கணுமா?" நாகலட்சுமியின் குரல் உயரவே இல்லை. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கும். "பார்சலை அனுப்பறதும் அனுப்பாததும் உன் இஷ்டம். பருப்பு வேகலைன்னா யாரும் சாக மாட்டாங்க. ஆனா இப்போ எங்களோட வந்து, சொன்ன வாயாலேயே அவளுக்கு உண்மையைச் சொல்லு."

* * *

மோர்னிங்சைட் வரைக்கும் வரதன் பின் சீட்டில் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காரை நிறுத்திவிட்டு, அவன் காதில் விழாதபடி தேவசகாயம் நாகலட்சுமியை ஓரமாக இழுத்தான்.

"அக்கா, செத்துப்போனார் எண்டே விட்டிடலாமே? அழுது முடிச்சுப்போட்டு நிமிர்ந்திடுவா. 'அவர் நல்லா இருக்கிறார், நீதான் அவருக்கு வேண்டாம்' எண்டு எந்த வாயால சொல்லுறது?"

"நம்மகிட்ட அவ ஆறுதல் கேக்கலை தேவா. பதில் கேட்டா."

சிவகாமி நின்றுகொண்டேதான் கேட்டாள். வரதன் தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னான். பஸ் ரிப்பேரானது, சாப்பாட்டுக் கடை, கையைப் பிடித்துக் கேட்டது, எல்லாம். அவன் முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"சிவகாமி கெட்டிக்காரி, வேலையில இருக்கா, அவளுக்கு ஒரு குறையும் வராதுன்னான்."

"அப்படியா சொன்னாங்க?" என்றாள் சிவகாமி. போனை எடுத்து ஆபரேட்டரிடம் ஊருக்குப் போட்டுத்தரச் சொன்னாள். திருநெல்வேலியில் மாமனார் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து அரிசி ஆலைக்குப் பேசி, ஆள் அனுப்பி அவரை எழுப்பிக் கூட்டிவர வேண்டும். அவர் லைனுக்கு வரும்வரை நான்கு பேரும் அந்த அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்திருந்தார்கள். நாகலட்சுமி மட்டும் எழுந்து போய் சிவகாமியின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"மாமா? நான் சிவகாமி பேசுதேன்... ஆமா மாமா. பயப்படாதீங்க. அவங்க உயிரோடதான் இருக்காங்க."

ரிசீவரைத் தாண்டி ஒரு கிழவரின் அழுகையும் சிரிப்பும் கலந்து அறைக்குள் கேட்டது. முருகா, முருகா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிவகாமி கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"இல்ல மாமா, வர மாட்டாங்க. அங்கே ஒரு வீடு இருக்கு அவங்களுக்கு... ஆமா, நீங்க நினைக்கிறதுதான். செத்துட்டதாச் சொல்லச் சொன்னதும் அவங்கதான். உங்களுக்கு அவமானம் வரக் கூடாதுன்னு." அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அவங்க உங்க பிள்ளை, அதை நான் மாத்த முடியாது. ஆனா நான் இனிமே அவங்களுக்கு யாரும் இல்லை. இதை மத்தவங்க சொல்லி நீங்க கேக்கக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று தேவசகாயம் நினைத்தான். பிறகு கிழவரின் குரல் சின்னதாக, நிதானமாக வந்தது. வார்த்தைகள் பிடிபடவில்லை. சிவகாமி "சரி மாமா" என்றாள், "சரி மாமா" என்றாள், ரிசீவரை வைத்தாள்.

"என்னம்மா சொன்னார்?" என்று நாகலட்சுமி கேட்டாள்.

"அமாவாசைக்கு வச்ச காரியத்தை நிறுத்த மாட்டாங்களாம். 'ஊருக்கு எல்லாத்தையும் சொல்லிட்டே பண்ணுதேன். எம்பிள்ளைக்கு எள்ளுந் தண்ணியும் இறைச்சுட்டு வந்து, உனக்கு அப்பனாப் பேசுதேன், அதுவரைக்கும் தைரியமா இரு'ன்னாங்க."

சொல்லிவிட்டுச் சிவகாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். யாரும் தடுக்கவில்லை.